ஆட்டக் கொட்டகைக்கு ஊரார் பணமா?

சேர்வராயன் மலைமேலுள்ள வாழவந்திக்குச் சமீபத்தில் ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து, கீழே இறங்குகிற பஸ்ஸை எதிர்பார்த்து டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கையில், ஒதுக்குப்புறமாக நின்று நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து வாலிபத் தோழர்கள் நம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது. அவர் கேட்டதாவது:

"ஐயா, கோவிலுக்கும் தேருக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள் என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சேலத்திலே சேப்பாக்கத்தைப்போல் ஒரு பெரிய கிரிக்கெட் அரங்கத்தைக் கார்ப்பரேஷனும் சர்க்காரும் பணம் போட்டுக் கட்டினால் அதையும் வேண்டாம் என்பீர்களா? அதிலே சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை. ஜனங்கள் வருவார்கள், வியாபாரம் நடக்கும், நம் ஜில்லாவின் பேர் உலகமெல்லாம் தெரியும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?"

கேள்வி யோக்கியமான கேள்வி. கேட்டவரும் யோக்கியமாகவே கேட்டார். நாம் பாதிப் பதில் சொல்லுவதற்குள் பஸ் வந்துவிட்டது. அதைத் தவறவிட்டால் இரவு மலையிலேயே தங்கவேண்டியதுதான். ஆகவே மீதிப் பதிலை இங்கே எழுதுகிறோம். வாழவந்தித் தோழர்கள் இப்பத்திரிகையை வரவழைத்துப் படிக்கிறவர்களானபடியால் அவர்கள் கண்ணில் இது படாமல் போகாது.

முதலாவது, நாம் விளையாட்டுக்கு விரோதிகள் அல்ல. நாமும் சடுகுடு ஆடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்களே. ஒரு தெருப் பிள்ளையும் மற்றொரு தெருப் பிள்ளையும் ஒரே மண்ணில் புரண்டு எழுந்தால் தொட்டால் தீட்டு என்கிற பேச்சு தானாகவே தளர்ந்துபோகும் என்பதையும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். விளையாட வேண்டாம் என்று சொல்லுகிறவன் மனிதனே அல்ல. ஆனால் இப்போது கேட்கப்பட்ட கேள்வி விளையாடுவதைப் பற்றியதல்ல. விளையாடுகிறவர் 22 பேர். டிக்கட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிறவர் பல ஆயிரம் பேர். அந்த டிக்கட்டுப் பணத்தையும், டெலிவிஷன் பணத்தையும், விளம்பரப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறவர் ஒரு சில முதலாளிகள். இந்த வியாபாரத்துக்கு வேண்டிய கொட்டகையைக் கட்டிக் கொடுக்க, டிக்கட்டு வாங்காதவனும், அந்த ஆட்டத்தை ஒருநாளும் பாராதவனும், காப்பிக் கொட்டை பறித்துக் கூலி வாங்கி அந்தக் கூலியில் உப்புப் புளி வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறவனும் பணம் தரவேண்டுமா என்பதுதான் கேள்வி.

சினிமாக் கொட்டகைக்காரர் ஒருவர் கார்ப்பரேஷனுக்குப் போய், "என் கொட்டகையை நீங்கள் கட்டிக் கொடுங்கள், படத்தை நான் ஓட்டிக்கொள்ளுகிறேன், வசூல் என்னுடையது, ஊருக்குப் பெருமை உங்களுடையது" என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? காவற்காரனே அவரை உள்ளே விடமாட்டான். அதே வார்த்தையை ஒரு கிரிக்கெட் கம்பெனியோ, கால்பந்துக் கம்பெனியோ, மோட்டார்ப் பந்தயக் கம்பெனியோ வந்து சொன்னால் மட்டும் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, ரிப்பனும் கத்திரிக்கோலும் தட்டில் வைத்து நீட்டுகிறார்களே, அதன் ரகசியம் என்ன?

ரகசியம் ஒன்றுமில்லை. பழைய நம்பிக்கைக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கும்பாபிஷேகம் செய்தால் மழை பெய்யும் என்று ஒரு கூட்டம் சொல்லி வந்தது. எத்தனை கும்பாபிஷேகத்துக்கு எத்தனை அங்குல மழை என்று கணக்குக் கேட்டால் கோபம் வந்தது. இப்போது அரங்கம் கட்டினால் பணமழை பெய்யும் என்கிறார்கள். எத்தனை கோடி போட்டதற்கு எத்தனை கோடி திரும்பிற்று என்று கேட்டால் இவர்களுக்கும் கோபந்தான் வருகிறது. சாமி இல்லாததனால் மாத்திரம் ஒரு காரியம் பகுத்தறிவுக் காரியம் ஆகிவிடாது, தோழர்களே. கணக்குக் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆகையால் கணக்கையே பார்ப்போம். பெரிய படிப்பு வேண்டியதில்லை. சந்தைக்குப் போய்வருகிறவனுக்குத் தெரிந்த கணக்கே போதும். ஒரு குடும்பத்தினிடம் மாதத்துக்கு 500 ரூபாய் வேடிக்கைச் செலவுக்கு மீதமாகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். அந்த 500 ரூபாயில் அவர்கள் சினிமாப் பார்ப்பார்கள், ஹோட்டலில் சாப்பிடுவார்கள், அல்லது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டு ஏரியில் படகு விடுவார்கள். அரங்கம் வந்தால் அதே 500 ரூபாயை டிக்கட்டுக்குக் கொடுப்பார்கள். அரங்கத்து வாசலில் சோடா விற்றவனுக்கு லாபம். படகுத்துறையில் சுண்டல் விற்றவனுக்கு நஷ்டம். ஊரில் புதுப்பணம் எங்கே பிறந்தது? இடம் மாறியது, அவ்வளவே. படகுத்துறையில் செலவான பணமாவது இந்த ஜில்லாவிலேயே சுற்றும். அரங்கத்தில் வசூலான பணத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர் சம்பளமாகவும் முதலாளி லாபமாகவும் அன்றிரவே விமானம் ஏறிவிடும்.

வெளியூரார் வருவார்கள் என்பார்கள். வருவார்கள், எத்தனை நாள்? ஐ.பி.எல். ஆட்டங்களில் ஒரு கட்சி ஒரு வருஷத்தில் தன் சொந்த ஊரில் ஆடுவது ஏறக்குறைய 7 ஆட்டம். மீதி 350 நாளும் அந்தக் கொட்டகைக்குக் காவல் போடவேண்டும், புல்லுக்குத் தண்ணீர் விடவேண்டும், மின்சாரத்துக்குப் பணம் கட்டவேண்டும். ஏற்காட்டுக் கோடை விழாவை நடத்திப் பழகிய நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. விழா நடக்கும் சில நாட்களில் லாட்ஜில் அறை கிடைக்காது. விழா முடிந்த மறுவாரம் போய்ப் பார்த்தால் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சில நாள் கூட்டத்தை நம்பி ஒருவன் ஆயுள் முழுவதும் வட்டி கட்டும் கடனை வாங்குவானா?

இந்தக் கணக்கு நம் கற்பனை அல்ல. இதில் அதிகமாக அடிபட்ட தேசம் அமெரிக்கா. அங்கே ஓக்லண்டு என்று ஒரு நகரம். ஊரை விட்டுப் போயிருந்த ரெய்டர்ஸ் என்னும் கால்பந்துக் கம்பெனியைத் திரும்பவும் வரவழைப்பதற்காக, 1995-ம் வருஷத்தில் அந்த நகரமும் அதைச் சேர்ந்த ஜில்லாவும் கூடிச் சுமார் 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு மைதானத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தன. கம்பெனி வந்தது. ஆடிற்று. பிறகு, 2020-ம் வருஷத்தில் லாஸ் வேகாஸ் என்னும் சூதாட்ட நகரத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஏனென்றால் அங்கே ஹோட்டல் அறைகளின்மேல் வரி போட்டு 75 கோடி டாலர் கொடுப்பதாகச் சொன்னார்கள். கம்பெனி போனபின்பும் அது ஆடிய மைதானத்துக்கான கடனை ஓக்லண்டு ஜனங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொண்டவன் வேறு ஊருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொள்ள, முதல் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை மாமனார் அடைத்துக்கொண்டிருந்த கதைதான் இது. அதோடும் விட்டதா? அதே ஊரிலிருந்த பேஸ்பால் கம்பெனியும் 2024-ம் வருஷத்து ஆட்டங்களோடு ஊரைக் காலி செய்தது. அதற்கும் லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா ராஜ்யம் 38 கோடி டாலர் வரைக்கும் தருவதாக 2023-ல் சட்டமே செய்திருந்தது.

சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஓர் ஸ்தாபனம் 2017-ல் பேர்பெற்ற பொருளாதார நிபுணர்களைக் கூப்பிட்டு, இப்படிச் சர்க்கார் பணம் கொடுப்பதில் ஜனங்களுக்கு ஏற்படும் செலவு, அந்த ஊருக்குக் கிடைக்கும் லாபத்தைவிட அதிகமாகத்தான் இருக்குமா என்று கேட்டது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆம் என்றார்கள். இந்த நிபுணர்கள் சாதாரணமாக ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளாதவர்கள் என்பது உலகத்துக்கே தெரியும்.

கனடா தேசத்தில் மான்ட்ரியல் என்னும் நகரத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1976-ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயத்துக்காக அங்கே பெரிய அரங்கம் கட்டினார்கள். அந்நகர மேயர், ஆண்பிள்ளை பிரசவித்தாலும் பிரசவிப்பான், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது என்கிற கருத்துப்படப் பேசினார். அந்த அரங்கத்துக்கான கடன் அடைந்து முடிந்தது எப்போது தெரியுமா? 2006-ல். முப்பது வருஷம்! புகையிலைமேல் வரி போட்டு அடைத்தார்கள். ஓட்டப்பந்தயத்தைப் பாராத கிழவன் பிடித்த சுருட்டெல்லாம் அந்தக் கொட்டகைக்குப் புகைந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த பேஸ்பால் கம்பெனியோ, கடன் முடியும்வரைகூடப் பொறுத்திராமல் 2004-ம் வருஷத்து ஆட்டங்களோடு வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

வெள்ளைக்காரன் தேசம் வேறு, நம் தேசம் வேறு என்று சிலர் சொல்லக்கூடும். சரி, பக்கத்திலிருக்கும் இலங்கைக்கு வருவோம். 2011-ம் வருஷத்து உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்காக அம்பாந்தோட்டை ஜில்லாவில் சூரியவெவ என்னும் ஒரு மூலைக் கிராமத்தில் 35,000 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டி, அப்போது ஜனாதிபதியாயிருந்த மகிந்த ராஜபக்சவின் பேரையே அதற்கு வைத்தார்கள். அது அவருடைய சொந்த ஜில்லா. உலகக் கோப்பை முடிந்தது. அரங்கங்கள் கட்டியதில் இலங்கைக் கிரிக்கெட் சபை கடனில் மூழ்கி, ஆடிய ஆட்டக்காரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் திண்டாடிற்று. சூரியவெவ அரங்கம் என்னவாயிற்று? கல்யாணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்கு விடும் நிலைமைக்கு வந்தது. கல்யாண மண்டபம் கட்ட 35,000 இருக்கை எதற்கு?

இனி, நம் தேசத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இதை எழுதும்போது நமக்கு ஆத்திரம் அடங்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 2010-ல் டில்லியில் காமன்வெல்த் பந்தயம் நடந்தது. ஜவஹர்லால் நேரு அரங்கத்தைப் புதுப்பிக்க மட்டும் 961 கோடி ரூபாய். மற்ற அரங்கங்களும் பாலங்களும் தனி. இந்தச் செலவுக்குப் பணம் திரட்டுகையில், தாழ்த்தப்பட்ட மக்களின் படிப்புக்கும் வீட்டுக்கும் பிழைப்புக்கும் என்று சட்டதிட்டப்படி ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து சுமார் 700 கோடி ரூபாயை டில்லிச் சர்க்கார் பந்தயக் கணக்குக்குத் திருப்பிவிட்டது. இது வெளிப்பட்டுப் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தபோது, அப்போது மத்திய உள்துறை மந்திரியாயிருந்தவரே அது தவறுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தோழர்களே, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ராஜாக்கள் காலத்தில் கோபுரத்துக்குக் கல் சுமந்தவன் அந்தக் கோபுரத்து வாசலுக்குள் நுழையக்கூடாது என்றார்கள். இந்தக் காலத்தில் அவன் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தை எடுத்து அரங்கம் கட்டி, அவன் குடிசை வெளிநாட்டுக்காரன் கண்ணில் படாதபடி தெருவோரம் தட்டி கட்டி மறைத்தார்கள்.

ஏற்காட்டுத் தொகுதி மலைவாழ் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாடு முழுவதிலும் அப்படிப்பட்ட தொகுதிகள் இதுவும் சேந்தமங்கலமும் ஆக இரண்டே இரண்டு. மலைவாழ் மக்களுக்கென்றும் தனியாகப் பணம் ஒதுக்குகிறார்கள். கீழே ஊரில் பெரிய அரங்கம் எழும்பும்போது எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் நகருகிறது என்று வாழவந்தித் தோழர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டியவர்கள் அல்லவா? மட்டை பிடித்த தோழர் "யாருக்கு என்ன நஷ்டம்" என்று கேட்டாரே, அதற்கு இதுவே நம் பதில்.

நம் மாகாணத்துச் சங்கதிக்கு வருவோம். இதில் நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கப்போவதில்லை. 2024 ஆகஸ்டு 31-ந் தேதியும் செப்டம்பர் 1-ந் தேதியும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ரோட்டில் ஃபார்முலா 4 என்னும் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. முந்தின வருஷம் டிசம்பரில் நடக்கவேண்டியது. புயல் வெள்ளத்தால் தள்ளிப்போயிற்று. நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. கைகொடுத்தது சர்க்காரின் விளையாட்டு ஆணையம். சர்க்கார் செலவு சுமார் 42 கோடி என்பது கோர்ட்டிலேயே வந்த கணக்கு. 2024 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட்டு பந்தயம் நடக்கலாம், ஆனால் அந்த 42 கோடியைக் கம்பெனி சர்க்காருக்குத் திருப்பிக் கட்டவேண்டும் என்றது. கம்பெனிக்காரரிடம் பணம் வாங்கவேண்டும் என்று கோர்ட்டு சொல்ல, அதன்மேல் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய், 2025 பிப்ரவரியில் அந்த நிபந்தனை ரத்தாயிற்று. சர்க்கார் எதற்குச் செலவழிக்கலாம் என்பது சர்க்காரின் கொள்கை, அதில் கோர்ட்டு புகக்கூடாது என்பது அங்கே எடுபட்ட வாதம். அது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். கோர்ட்டுக்குப் புக உரிமையில்லாத இடத்திலேதான் ஓட்டுப் போட்ட ஜனங்களுக்குப் புக உரிமை இருக்கிறது.

ரோடு ரோடாகவே இருக்கிறது, எங்கே போய்விட்டது என்று சமாதானம் சொல்லுவார்கள். இருக்கட்டும். ஆனால் இதே சர்க்கார்தான் 2022-ல் ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 3 கோடி ரூபாயில் ஒரு சிறு விளையாட்டரங்கம் கட்டுவோம் என்று ஒரு நல்ல திட்டத்தை அறிவித்தது. 42-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டு இராத்திரி மோட்டார் ஓட்டத்தில் 14 தொகுதிகளின் பிள்ளைகளுக்கு வேண்டிய மைதானம் புகையாய்ப் போயிற்று. மோட்டார்ப் பந்தயத்தை வாழவந்தியில் எந்தப் பிள்ளை ஆட முடியும்? மலைக் கொண்டை ஊசி வளைவில் அரசாங்க பஸ் டிரைவர் தினந்தோறும் செய்யும் வித்தையைவிட அதில் என்ன அதிசயம் இருக்கிறது?

நிலம் கொடுப்பது பணம் கொடுப்பதாகாது என்று இன்னொரு தந்திரம் உண்டு. சேப்பாக்கம் மைதானத்து நிலம் சர்க்கார் நிலம்; கிரிக்கெட் சங்கத்துக்குக் குத்தகை. சென்னைப் பட்டணத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் அவ்வளவு நிலத்துக்குக் குத்தகை எவ்வளவு என்பதில் சர்க்காருக்கும் சங்கத்துக்கும் வருஷக்கணக்கில் வாதம். 2011-ல் புதிதாகக் கட்டிய மூன்று அரங்குகள், சுமார் 12,000 இருக்கைகள், அனுமதி வில்லங்கத்தால் பல வருஷம் பூட்டிக்கிடந்தன. 2024 ஏப்ரலில், பார்லிமெண்டுத் தேர்தல் நேரத்தில், கோயமுத்தூருக்கும் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அதற்காக ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறைச்சாலை நிலத்தைப் பார்த்தார்கள். சுமார் 20 ஏக்கர். கோயமுத்தூரில் 20 ஏக்கர் நிலத்தின் விலை என்னவென்று அவ்வூர் மில் தொழிலாளி ஒருவரைக் கேளுங்கள். வீடு கட்ட அரை சென்ட் கிடைக்காமல் வாடகை கொடுத்து அலுத்துப்போனவர் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். நிலமும் பணந்தான். இன்னும் சொல்லப்போனால் அச்சடிக்க முடியாத பணம்.

யாரிடம் பணமில்லை என்று இப்படிப் பரிதாபப்படுகிறோம்? ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 2027 வரையில் ஐந்து வருஷம் காட்டுவதற்கு மட்டும் கிரிக்கெட் போர்டுக்குக் கம்பெனிகள் ஒப்புக்கொண்ட தொகை 48,390 கோடி ரூபாய். ஏலத்தில் கணக்கிட்ட 410 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. ஒரு சாயங்காலத்துப் பணத்தில் 39 தொகுதிகளுக்குச் சிறு அரங்கம் கட்டிவிடலாம். இவ்வளவு வைத்திருப்பவன் கொட்டகைக்கு நம் வீட்டு ஓலையைப் பிடுங்குவதா? பம்பாயில் ஐ.பி.எல். ஆட்டத்துக்குக் காவல் நின்ற போலீசுக்குக் கொடுக்கவேண்டிய கட்டணமே கோடிக்கணக்கில் பாக்கி நின்று, 2023-ல் மராட்டியச் சர்க்கார் அந்தக் கட்டணத்தை 2011-ம் வருஷத்திலிருந்தே செல்லும்படிக் குறைத்து உத்தரவு போட்டது. ஏழைக் குடியானவன் கடனைத் தள்ளச் சொன்னால் தேசம் திவாலாகிவிடும் என்று பேசுகிற பத்திரிகைகள் இந்தத் தள்ளுபடியால் தேசம் திவாலாகும் என்று எழுதிவிடவில்லை.

நம் மலைக்குக் கீழேயே, வாழப்பாடிக்குப் பக்கத்தில் காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் என்னும் ஸ்தாபனத்தின் மைதானம் 2020-ல் திறக்கப்பட்டது. டி.என்.பி.எல். ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன. கிரிக்கெட்டில் ஆசையுள்ளவர்கள் ஒன்றுகூடி, தங்கள் ஸ்தாபனத்தின் பேரில் மைதானம் போட்டு, ஆட்டம் நடத்தி, டிக்கட்டு விற்றால் அதற்கு நாம் ஒரு வார்த்தை ஆக்ஷேபனை சொல்லமாட்டோம். நம் மாநாட்டுப் பந்தலுக்கு நாம் உண்டியல் குலுக்கித்தான் பணம் சேர்க்கிறோம். அப்படியே அவரவர் ஆசைக்கு அவரவர் பந்தல் போட்டுக்கொள்ளட்டும்.

இனி மட்டை பிடித்த தோழர் பஸ் கிளம்பும்போது சன்னலோரம் ஓடிவந்து கேட்ட கடைசிக் கேள்வி: "பெரிய அரங்கம் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற பிள்ளைகள் எப்படி ஐயா பெரிய ஆட்டக்காரராவது?"

சேலம் ஜில்லாவிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் எந்த அரங்கத்தில் பந்து போடக் கற்றார்? கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளை. ஊர்ப் பொட்டலில் டென்னிஸ் பந்தில் ஆடினவர். 2020-ல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகப் பந்து போட்டார். பெயரும் பணமும் வந்த பிறகு அவர் செய்த காரியம், தன் சொந்தக் கிராமத்திலேயே ஒரு மைதானம் போட்டது. 2023-ல் அதைத் திறந்தார்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிற்று. காய்கறி விற்று வளர்த்த தாயின் பிள்ளை. 2016-ல் ரியோ நகரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம், 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். இவருடைய திறமையை முதலில் கண்டுகொண்டவர் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி ஆசிரியர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மணற்குழியும், ஒரு கம்பும், அக்கறையுள்ள ஒரு மனிதரும்.

பெரிய அரங்கம் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும் என்பதும் நிச்சயமல்ல. 2022-ல் டில்லித் தியாகராஜ் அரங்கத்தில் ஓட்டப் பயிற்சி செய்த பிள்ளைகளைச் சாயங்காலம் 7 மணிக்கெல்லாம் வெளியே அனுப்பியதும், அதன்பின் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் தம் நாயை அங்கே உலாவக் கொண்டுவந்ததும் பத்திரிகையில் வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. (ஏற்காட்டுக் கோடை விழாவிலாவது நாய்க் கண்காட்சி என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிவருகிறார்கள்.)

வாழவந்தியில் நாம் பார்த்தது என்ன? பிள்ளைகள் சரிவில் விளையாடுகிறார்கள். ஓங்கி அடித்தால் பந்து காப்பித் தோட்டத்துக்குள் போய்விடும்; அதனால் ஓங்கி அடித்தவன் அவுட் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். பலமாக அடிப்பதே குற்றம் என்று பிள்ளைகள் தாங்களே சட்டம் செய்துகொள்ளும்படி ஒரு சமூகம் அவர்களை வைத்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே நாம் மலை இறங்கினோம். பெண்பிள்ளை ஒன்றுகூட அந்தச் சரிவில் விளையாடக் காணோம். மைதானம் சிறியதானால் முதலில் வெளியே தள்ளப்படுவது பெண்பிள்ளைதான் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். 2024-ல் சர்க்கார் 12,000-க்கு மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய தொகுப்புக் கொடுக்கத் தொடங்கியது. மட்டையும் பந்தும் கொடுத்தது நல்லதே. ஆனால் மலையில் சாமானைவிடச் சமநிலந்தான் அருமை. சரிவை வெட்டி, கல்லடுக்கித் தடுப்புச் சுவர் வைத்து, மழைத் தண்ணீர் வடிய வழி செய்து, தோட்டத்துப் பக்கம் வலை கட்டினால் ஒரு மைதானமாயிற்று. அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. நூறுநாள் வேலை மாதிரியான பொதுவேலையில் பாதி முடிந்துபோகும்.

வாழவந்தித் தோழர்கள் இதை யாரிடமும் கெஞ்சிக் கேட்கவேண்டியதில்லை. வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று 2022 முதல் ஏற்பாடு: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற நாளில் மட்டையை வீட்டில் வைத்துவிட்டு எல்லோரும் போங்கள். தங்கைமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த சர்வே நம்பர் நிலம், எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், பெண்பிள்ளைகளுக்கு எந்தெந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதித் தீர்மானமாகக் கொடுத்து, அது புத்தகத்தில் பதிவாகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நகல் ஒன்று நமக்கும் அனுப்பினால் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். மலைக்குத் திரும்ப வரும்போது பந்தை ஓங்கி அடிக்க நமக்கும் ஒரு முறை கொடுப்பதாக அந்தத் தோழர் சன்னலோரம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.